எண்ணெய்ப் பிசுக்கும் உணவு மிச்சமும் பாதாள சாக்கடையை அடைக்காமல் காப்பது எப்படி: வேலூர் வீடுகளுக்கும் மெஸ்களுக்கும் ஒரு வழிகாட்டி

வேலூர் மாநகராட்சிப் பகுதியில் தெருத் தெருவாகப் பள்ளம் தோண்டிப் பாதாள சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இணைப்புக் கிடைத்துவிட்ட வீட்டார், இனிச் சமையலறைத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூடுதல் கவனம் தேவைப்படுவது இணைப்புக் கிடைத்த பிறகுதான். வாசலில் ஓடும் திறந்த கால்வாயில் பிசுக்குப் படிந்தால் கண்ணுக்குத் தெரியும், நாற்றம் வரும், பக்கத்து வீட்டார் சத்தம் போடுவார்கள், தூய்மைப் பணியாளர் மண்வெட்டியால் வாரிப் போடுவார். அதே பிசுக்கு சாலைக்கு அடியில் குழாய்க்குள் படிந்தால், ஒருநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்கும் வரை யாருக்கும் தெரியாது. அப்படிப் பொங்கும் இடமும் பெரும்பாலும் பிசுக்கை ஊற்றியவர் வீட்டு வாசலாக இருப்பதில்லை. தெருவின் தாழ்ந்த முனையில் குடியிருப்பவர் வாசலாகவே இருக்கும்.

இங்கே சொல்லப்படும் முறைகள் எல்லாம் ஒரே விதியிலிருந்து வருபவை: எண்ணெயையும் உணவு மிச்சத்தையும் தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். வாணலியில் இருக்கும் வரை பிசுக்கு ஒரு காகிதத் துண்டோடு போய்விடும். தண்ணீரில் கலந்தபின் அதைப் பிரிக்கத் தொட்டி வேண்டும், இயந்திரம் வேண்டும், அதுவும் தவறினால் யாரோ ஒருவருடைய உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

குழாய்க்குள் நடப்பது என்ன

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் கொழுப்பு எப்படி உறையும் என்று கேட்பவர்கள் உண்டு. சாலை கொதித்தாலும், மண்ணுக்கடியில் ஓடும் கழிவுநீர் அந்த அளவுக்குச் சூடாக இருப்பதில்லை. ஆட்டுக் கொழுப்பு உருகுவதற்கு 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். டால்டா 35 டிகிரியை ஒட்டி உருகுவது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிவிடும். பிரியாணி அண்டாவைக் கொதிநீர் விட்டுக் கழுவும்போது திரவமாக ஓடும் கொழுப்பு, சேம்பரை, அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடியுள்ள தொட்டியை, தாண்டிச் சில அடிகள் போவதற்குள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

அப்படியென்றால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஊற்றலாமா என்றால், அதுவும் கூடாது. அவை குளிரால் உறைவதில்லை என்பது சரிதான். ஆனால் கழிவுநீரில் கிடக்கும் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. அந்த அமிலங்கள் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத, கெட்டியான ஒரு வகைச் சோப்பாக மாறுகின்றன. கால்சியத்துக்குக் குறைவே இல்லை: கான்கிரீட் சேம்பர்களிலிருந்து அது கரைந்து வருகிறது, நம் ஊர் போர்வெல்களின் உப்புத் தண்ணீரிலும் நிறைய இருக்கிறது. குடத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிகிற அதே பொருள்தான். 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு, ஏறத்தாழ 130 டன் எடையுள்ள கொழுப்புக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். குளிர்நாட்டு விவகாரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. கால்சியச் சோப்பு உருவாவதற்குக் குளிர் தேவையில்லை.

இந்தப் பிசுக்கு ஒட்டிய பிறகு, சுவரில் உரசிப் போகும் எல்லாமே அதில் சிக்கிக்கொள்ளும். தேங்காய் நார், முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, மீன் செதில், டீத்தூள், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரிலிருந்து உதிரும் துகள்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சோறு. சோற்றுப் பருக்கை தண்ணீரில் ஊறி உப்பும். வடிகஞ்சியும் இட்லி மாவும் அடியில் படிந்து பசையாகும். எண்ணெயும் மாவுப் பசையும் ஒரே குழாயில் சந்திப்பதுதான் நம் ஊர் அடைப்புகளின் தனிக்குணம் என்று சொல்லலாம்.

வீட்டுச் சமையலறையில்

பத்துப் பாத்திரத்தைச் சிங்க்கில் போடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் ஒருமுறை வழித்துவிடுங்கள். தட்டில் உள்ள சோறு, பொரியல், எலும்பு, முருங்கைச் சக்கை ஆகியவை நேராக ஈரக் குப்பைக் கூடைக்குப் போக வேண்டும். குழம்புச் சட்டியின் அடியில் நிற்கும் எண்ணெய், வறுத்த வாணலியின் பிசுக்கு, தாளிப்புக் கரண்டியின் மிச்சம் ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளாலோ கிழிந்த பருத்தித் துணியாலோ துடைத்து எடுக்க வேண்டும். சூடு முற்றிலும் ஆறிய பிறகு துடைத்தால் கொழுப்பு திரண்டு வரும். சூடாக இருக்கும்போது துடைத்தால் காகிதத்தில் ஊறி மீதி சட்டியிலேயே தங்கிவிடும். ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியை இரவு முழுவதும் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரைக் காலையில் அப்படியே சிங்க்கில் கவிழ்க்காமல், மேலே கட்டியிருக்கும் கொழுப்பு ஆடையைக் கரண்டியால் எடுத்த பிறகு ஊற்றுங்கள்.

துடைத்த காகிதம் கொஞ்சமாக இருந்தால் ஈரக் குப்பையோடு போடலாம். மாநகராட்சி நுண் உரக் கூடங்களில் சேரும் மக்கும் குப்பையில் சிறிதளவு எண்ணெய்க் காகிதம் தொந்தரவு செய்யாது. எண்ணெய் வழிய வழியப் போட்டால் உரம் மக்காமல் நாறும். வீட்டருகே மரம் அறுக்கும் மில் இருந்தால் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வைத்துக்கொள்வது மிகவும் உதவும். கைப்பிடி மரத்தூளை வாணலியில் தூவிப் புரட்டினால் பிசுக்கு முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். விறகடுப்பு இருந்த காலத்தில் சாம்பல் இதே வேலையைத்தான் செய்தது.

சிங்க்கின் வாயில் நல்ல ஜாலி இருக்க வேண்டும். பெரிய துளையுள்ள ஜாலியின் மேல், சிறு துளையுள்ள எவர்சில்வர் கிண்ண வடிகட்டி ஒன்றைக் கூடுதலாக வைக்கலாம். கடையில் விலை அதிகமில்லை. வடிகட்டி நிறைந்ததும் குப்பைக் கூடையில் தட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். தண்ணீர் தேங்குகிறதே என்று விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி உள்ளே தள்ளுவதும், ஜாலியையே கழற்றி வைத்துவிடுவதும் நாள்தோறும் நடப்பவை. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவிடம் காரணத்தை ஒருமுறை சொல்லி, வழிப்பதற்கு ஒரு ரப்பர் கரண்டியும் துடைப்பதற்குக் காகிதமும் கையருகே வைத்துக் கொடுத்தால் அவர்கள் வேலையும் குறையும், சோப்பும் மிச்சமாகும். சாமான் வைக்காமல் உபதேசம் மட்டும் செய்தால் எதுவும் மாறாது.

மாவு விஷயத்தில் கவனம் தேவை. கிரைண்டர் கழுவிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் அரை மணி நேரம் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடி மாவைத் தனியே எடுங்கள். அரிசி களைந்த கழுநீரும் வடிகஞ்சியும் சாக்கடைக்குப் போக வேண்டிய பொருள்களே அல்ல. முற்றத்தில் கழுநீர்த் தொட்டி வைத்திருந்த வீடுகளில் அது மாட்டுக்குப் போயிற்று. இன்றும் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இருந்தால் சோப்புக் கலக்காத கழுநீரை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் செடிக்கு ஊற்றலாம்.

பொரித்த எண்ணெயை என்ன செய்வது

தீபாவளி முறுக்கு, அதிரசம் சுட்ட பிறகு அரை லிட்டரோ ஒரு லிட்டரோ எண்ணெய் மிஞ்சும். ஆற விட்டு, வடிகட்டி, மூடி இறுகும் தகர டப்பாவிலோ கெட்டியான பிளாஸ்டிக் கேனிலோ சேர்த்து வையுங்கள். சூடான எண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றக் கூடாது. பாட்டில் இளகிச் சுருங்கிக் கையில் கொட்டும். இப்படிச் சேர்ந்ததைப் பயோடீசல் தயாரிப்பவர்களுக்காகச் சேகரிக்கும், உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே சரியான வழி. பயன்படுத்திய சமையல் எண்ணெயை இவ்வாறு மாற்றும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், பலமுறை காய்ச்சிப் பழுதான எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள், வாங்கியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்க வருபவர் எல்லாரிடமும் பழைய எண்ணெயைக் கொடுத்துவிடக் கூடாது. உரிமம் இல்லாதவர் வாங்கிப் போகும் எண்ணெய் சாலையோரப் பஜ்ஜிக் கடைக்கே திரும்பி வரக்கூடும். சாக்கடையைக் காப்பாற்றி வயிற்றைக் கெடுத்துக்கொள்வதில் லாபம் இல்லை. யார் உரிமம் பெற்றவர் என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொடுக்க ஆள் கிடைக்காத வீடுகளில், எண்ணெயை மரத்தூளிலோ உமியிலோ உறிஞ்ச வைத்துக் கட்டிக் குப்பையில் போடுவது, சிங்க்கில் ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். கதவுக் கீலுக்கும் மண்வெட்டிக்கும் பூசவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு ஆகாத வைத்தியங்கள்

கொதிநீர் ஊற்றினால் அடைப்புக் கரையும் என்பது பாதி உண்மை. உங்கள் சிங்க்கின் கீழ் இருந்த கொழுப்பு உருகித் தெருக் குழாய்க்குப் போய் அங்கே மறுபடி உறையும். பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பும் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துச் சிறிது தூரம் கொண்டுபோய் விட்டுவிடும். சோப்பு நீர்த்துப் போனதும் எண்ணெய் மீண்டும் திரளும். ஆகவே "எங்கள் வீட்டில் அடைப்பே வருவதில்லை, வாரம் ஒரு குடம் கொதிநீர் ஊற்றுகிறோம்" என்று சொல்பவர், தம் அடைப்பைப் பொதுச் சொத்தாக்கிவிட்டார் என்றுதான் பொருள்.

காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கும் தூள் வீட்டுக் குழாயில் அவசரத்துக்கு உதவலாம், பழக்கமாக்கக் கூடாது. கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். செப்டிக் டேங்க்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் விடும் மின்கருவிகளும் இப்போது விற்கப்படுகின்றன. அரைத்தாலும் சோறு சோறுதான். மாவாகப் போய்ப் படியும். சரிவு குறைவான நம் தெருக் குழாய்களுக்கு அந்தக் கருவி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

சேம்பரைத் திறந்து பாருங்கள்

வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் இடையே உள்ள முதல் சேம்பரை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். மூடியைத் தூக்கியதும் முகத்தை உடனே கிட்டே கொண்டுபோகாமல், சற்று நேரம் காற்றோட விட்டுவிட்டுப் பாருங்கள். நல்ல சேம்பரில் அடித்தள வாய்க்கால் தெரியும்; தண்ணீர் மெல்லிய கோடாக நிற்காமல் ஓடும். பிசுக்குச் சேரத் தொடங்கிய சேம்பரில் சுவரைச் சுற்றி, தண்ணீர் தொடும் மட்டத்தில், சாம்பல் கலந்த வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும்; குச்சியால் அழுத்தினால் வெண்ணெய் போலக் குழியும். அந்தப் பட்டை காய்ந்து கெட்டியாகி, உரசினால் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தால், கால்சியம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தண்ணீரே தெரியாமல் மேலே தடித்த ஆடை மூடியிருந்தால், அடைப்புக்கு அதிக நாள் இல்லை.

கைக்கெட்டும் ஆழமுள்ள வீட்டுச் சேம்பராக இருந்தால், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நீண்ட காம்புள்ள பழைய கரண்டியால் பட்டையைச் சுரண்டி மேலே எடுக்க வேண்டும். எடுத்ததை மரத்தூளோடு பிசறிச் சாக்கில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். தண்ணீர் பீய்ச்சித் தெருப் பக்கம் தள்ளிவிடுவது எளிது. அதைச் செய்யாமல் இருப்பதுதான் சேம்பரைத் திறந்ததன் பயன். ஆழமான சேம்பரில் கால் வைத்து இறங்குவதோ தலையை உள்ளே விடுவதோ அறவே கூடாது.

இன்னொரு விஷயம்: வீட்டைப் புதுப்பிக்கும்போது, பார்க்க நன்றாக இல்லை என்று சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மூடிவிடும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். அழகான தரை கிடைக்கும். அடைப்பு வந்தால் அதை உடைக்க வேண்டும். மூடியில் கைப்பிடி வைத்துக் கழற்றும்படி விடச் சொல்லுங்கள்.

மெஸ், பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம்

வீடுகள் பல நாள் ஊற்றும் பிசுக்கை ஒரு பிரியாணிக் கடை ஒரு மதியத்தில் ஊற்றிவிட முடியும். அண்டாவின் அடியில் ஒட்டிய கொழுப்பு, தால்சா மிச்சம், சிக்கன் பொரித்த எண்ணெய், வாடிக்கையாளர் தட்டில் விட்ட சோறு எல்லாம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒரே குழாயில் இறங்குகின்றன. இத்தகைய சமையற்கூடங்களுக்கு வழித்தலும் துடைத்தலும் மட்டும் போதாது. கொழுப்புப் பிடிக்கும் தொட்டி, அதாவது கிரீஸ் டிராப், கட்டாயம் வேண்டும். வாழை இலையில் பரிமாறும் கடைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு: தட்டுக் கழுவும் பிசுக்கில் பெரும்பங்கு இலையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. இலையில் பிளாஸ்டிக் கலக்காமல் கொடுத்தால் அது நல்ல உரமாகும்.

தொட்டியின் வேலை எளியது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் போதிய நேரம் அசையாமல் நின்றால் எண்ணெய் மேலே மிதக்கும், கசடு கீழே படியும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். அந்தப் போதிய நேரம் ஏறத்தாழ அரை மணி என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். பாத்திரம் கழுவும் இடத்தில் இரண்டு குழாய்கள் இருந்து, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 12 லிட்டர் விடுவதாக வைத்துக்கொண்டால், அரை மணியில் 720 லிட்டர் வரும். நாலரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி தண்ணீர் ஆழம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 800 லிட்டர் பிடிக்கும், அது போதும். இடமே இல்லாத சிறு கடைகள் சிங்க்குக்குக் கீழே வைக்கும் எவர்சில்வர் பெட்டியை வாங்கலாம். ஆனால் அதில் தண்ணீர் நிற்கும் நேரம் குறைவு என்பதால், ஒவ்வொரு நாளும் இரவில் சுத்தம் செய்யாவிட்டால் அது வெறும் பெட்டிதான்.

கட்டும்போது கொத்தனாரிடம் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டி, பாத்திரம் கழுவும் இடத்துக்கும் முதல் சேம்பருக்கும் நடுவே வர வேண்டும். கழிப்பறைக் குழாயோ மொட்டைமாடி மழைநீரோ அதில் சேரவே கூடாது. உள்ளே வரும் குழாய் கீழ்நோக்கி வளைந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே திறக்க வேண்டும். அப்போதுதான் விழும் நீர் மேலே மிதக்கும் எண்ணெயைக் கலக்காது. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அதன் அடியில் ஒரு அடி இடைவெளி விட வேண்டும். மேலே தண்ணீர் மட்டத்தைத் தாண்டி அது நிற்க வேண்டும். வெளியேறும் இடத்தில் டீ வடிவக் குழாய் பொருத்தி, அதன் கால் தரைக்கு ஒரு அடி உயரம் வரை இறங்க வேண்டும். தொட்டிக்கு முன்னால் சோறும் எலும்பும் சிக்குவதற்குக் கம்பிக் கூடை ஒன்று தனியாக வேண்டும். மூடியைத் துண்டு துண்டாக, ஒரே ஆள் தூக்கும் எடையில் வார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் கடப்பாறை போட்டு நெம்ப வேண்டிய மூடியை யாரும் வாரம் தவறாமல் திறக்கப் போவதில்லை.

தொட்டியைச் சுத்தம் செய்யச் சிறந்த நேரம் அதிகாலை, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன். இரவு முழுவதும் அசையாமல் நின்றதால் கொழுப்பு கெட்டியாகிப் பாளமாக மேலே கிடக்கும். துளையிட்ட தட்டைக் கரண்டியால் அள்ளினால் தண்ணீர் வடிந்து கொழுப்பு மட்டும் வரும். கடை நடக்கும்போது அள்ளினால் எண்ணெயும் சோப்பு நீரும் கலந்த குழம்புதான் வரும். மேலே மிதக்கும் ஆடையும் அடியில் படிந்த கசடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் நாலில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால், தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டும். இரண்டரை அடித் தொட்டியில் அது ஏழரை அங்குலம். ஒரு நீளக் குச்சியை மெதுவாக இறக்கினால், ஆடையைத் துளைக்கும் இடமும் கசடில் முட்டும் இடமும் கைக்குத் தெரியும். பெரிய அளவில் காலி செய்யக் கழிவுநீர் லாரியை அழைத்து, எடுத்ததை மாநகராட்சி அனுமதித்த சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிறாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பாலாற்றங்கரையிலோ நிக்கல்சன் கால்வாயிலோ கொட்டிவிட்டுப் போனால், பாலாற்று மணலில் ஊறும் நீரைக் குடிக்கும் நம் ஊருக்கே அது திரும்பி வரும்.

கல்யாண மண்டபங்களில் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர், மண்டபக்காரர் ஒருவர் என்று இருப்பதால் பொறுப்பு நடுவில் விழுந்துவிடுகிறது. மிஞ்சிய எண்ணெயும் பாயசமும் சாம்பாரும் அண்டா அண்டாவாகப் பின்வாசல் கால்வாயில் கவிழ்க்கப்படுவது முகூர்த்த நாள்களில் சாதாரணம். முன்பணம் வாங்கும் ரசீதிலேயே, மிச்ச உணவையும் எண்ணெயையும் டிரம்மில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பிடித்தம் உண்டு என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடங்களிலும், அன்னதானப் பந்தல்களிலும் டிரம் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் போதும்.

மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள்

வேலூருக்கே உரிய ஒரு சூழல் இது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள், காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் உள்ள லாட்ஜ்களில் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளிக்குப் பழகிய சாப்பாடு வேண்டும் என்பதற்காக அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள். கடுகெண்ணெயில் மீன் பொரித்து, பருப்பும் சோறும் வடித்து, பாத்திரத்தைக் குளியலறைக் குழாயடியிலேயே கழுவ வேண்டிய நிலை. நோயாளியைக் கவனித்துக்கொண்டு அலையும் அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. குளியலறைத் தரை வடிகாலைச் சமையற்கட்டாக்கியது லாட்ஜ் கட்டிய விதம்தான்.

லாட்ஜ் நடத்துபவர்கள் மாடிக்கு ஒன்றாகப் பாத்திரம் கழுவும் சிங்க் அமைத்து, எல்லாவற்றின் குழாயையும் கீழே ஒரே கிரீஸ் டிராப்பில் சேர்க்கலாம். அதற்கு இடமில்லாத பழைய கட்டடங்களில், தளத்துக்கு ஒரு மூடியுள்ள எண்ணெய் டப்பா, ஒரு ஈரக் குப்பைத் தொட்டி, அறைக்கு ஒரு வடிகட்டி கொடுத்தாலே பெரும்பகுதி பிரச்சினை தீரும். அறிவிப்பை வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி, படமும் போட்டு, குழாயடிக்கு நேர் மேலே ஒட்ட வேண்டும். வரவேற்பறையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிய அறிவிப்பு யாருக்காக என்று தெரியவில்லை.

இணைப்பு இன்னும் வராத தெருக்களில்

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் எண்ணெய் மேலே தடித்த ஆடையாகக் கட்டிக்கொள்ளும். அது வழிந்து உறிஞ்சு குழிக்குப் போனால் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பின் டேங்க்கைக் காலி செய்தாலும் குழி தண்ணீரை உறிஞ்சாது. சமையலறைத் தண்ணீரைச் சிறு கிரீஸ் டிராப் வழியாக விடுவது இங்கேயும் பொருந்தும். புதிய பாதாள சாக்கடை இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே, சமையலறைக் குழாயைத் தனியே கொண்டுவந்து, டிராப்பைத் தாண்டிய பிறகு சேம்பரில் சேர்க்கும்படி பிளம்பரிடம் சொல்லிவிட்டால், பிறகு தரையை உடைக்க வேண்டியிராது. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் இணைக்கவே கூடாது. பிசுக்கால் பாதியாகச் சுருங்கிய குழாயில் ஐப்பசி, கார்த்திகை மழைநீரும் சேர்ந்தால் கழிவுநீர் வீட்டுக்குள்தான் திரும்பும். புரட்டாசி முடிவதற்குள் சேம்பரையும் தொட்டியையும் ஒருமுறை முழுமையாகச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடைப்பு வந்துவிட்டால்

சிங்க்கில் மட்டும் தண்ணீர் தேங்கினால், அடைப்பு பெரும்பாலும் கீழே தொங்கும் பாட்டில் டிராப்பில், அதாவது குழாயோடு திருகி மாட்டிய கிண்ணத்தில், இருக்கும். அடியில் ஒரு பக்கெட் வைத்து, டிராப்பின் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே கறுத்த பிசுக்கும் பருக்கைகளும் இறுகிக் கிடக்கும். அதைப் பக்கெட்டில் தட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டு, ரப்பர் வளையம் விலகாமல் மாட்டி இறுக்க வேண்டும். கழிப்பறை, குளியலறை, சிங்க் மூன்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மெதுவாகப் போனாலோ, ஒன்றில் ஊற்றினால் மற்றொன்றில் களகளவென்று சத்தம் கேட்டாலோ, அடைப்பு பெரும்பாலும் சேம்பருக்கு அப்பால் இருக்கும். அது உங்கள் கையில் இல்லை. மாநகராட்சியில் புகார் பதிவு செய்து, அடைப்பெடுக்கும் இயந்திரத்தை வரவழைக்க வேண்டும். செப்டிக் டேங்க் லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

அவசரத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துக் குழிக்குள் இறக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அடைபட்டுத் தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு சேரும். அளவு மிகும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய், ஓரிரு மூச்சில் ஆள் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் கடைக்காரரும் இதில் விலக்கல்ல. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் பத்து லட்சம் ரூபாய் என்று வகுத்து, 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக உயர்த்தியது.

புகார் சொல்லும்போது தெருப் பெயர், வார்டு எண், எந்த மூடியிலிருந்து பொங்குகிறது, எப்போதிலிருந்து என்பவற்றோடு, தெருவில் கடையோ மெஸ்ஸோ இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மண் அடைப்புக்கும் கொழுப்பு அடைப்புக்கும் எடுக்கும் முறை வேறு. முன்பே தெரிந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தோடு வருவார்கள். இயந்திரம் வந்து போகும் வரை அந்தக் குழாயில் சேரும் எல்லா வீடுகளும் சமையலறைத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, வடிகட்டிச் செடிக்கோ மண்ணுக்கோ ஊற்றிக்கொள்ள வேண்டும்.